பந்து நம்ம காலில், கோல் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்தில் உதைபந்து முடிந்ததும் பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்லும் குறை ஒன்று உண்டு. "பந்து முழுக்க எங்க காலுலதான் சேர் இருந்திச்சு, கோல்தான் விழல." அடுத்ததாக, முன்னால் ஆடிய பையனுக்கு ஏச்சு விழும். வீட்டில் அப்பாமாரும் சேர்ந்து ஏசுகிறார்கள். மறுவாரம் அந்தப் பிள்ளை மைதானத்துப் பக்கமே வருவதில்லை. பிழை உண்மையில் அவனுடையதுதானா? உலகக் கிண்ணத்தில் நடந்த ஒரு போட்டியை வைத்து இதைப் பார்ப்போம்.

2022 டிசம்பர் 6ஆம் திகதி கட்டாரில் ஸ்பெயினும் மொரோக்கோவும் மோதின. ஸ்பெயின் சாதாரண அணி அல்ல. அதே தொடரின் முதல் போட்டியில் கொஸ்டாரிக்காவுக்கு எதிராக 7 கோல் போட்டவர்கள். மொரோக்கோவுடன் ஆடிய அன்று 1000 தடவைக்கு மேல் பந்தைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் கோலை நோக்கி நேராகப் போன அடி ஒன்றே ஒன்றுதான். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பிறகு பெனால்டி. ஸ்பெயின் அடித்த மூன்றும் வீண். ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டை மொரோக்கோவின் கோல் காப்பாளர் பூனு தடுத்தார். 3க்கு 0 என்று தோற்று வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே, ஆளுக்கு 1000 பெனால்டியாவது அடித்துப் பழகி வரும்படி முன்பே சொல்லியிருந்தாராம்! பெனால்டி வரைக்கும் ஏன் போக வேண்டி வந்தது என்பதுதான் நம்ம கேள்வி.

மொரோக்கோ பந்தைத் துரத்தவில்லை. "வைத்துக்கொள்" என்று விட்டுவிட்டு, தங்கள் கோலுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நெருக்கி நின்றார்கள். ஸ்பெயின் பந்தை இடதுக்கும் வலதுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தது. பந்து அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் வரிசையும் நகர்ந்துவிடும். இடைவெளியே விழாது. நாள் முழுக்க நிரையில் மேலும் கீழும் நடந்தாலும் தராசில் நிற்பது கொழுந்துதானே, அந்த மாதிரித்தான் இதுவும். இப்படி ஆடும்போது முன்னால் நிற்பவனுக்குப் பந்து கிடைப்பதே அருமை. கிடைத்தாலும் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு நடுவில் கிடைக்கும். அவன் என்ன செய்வான்?

தடுத்து நிற்பவனை அவன் இடத்திலிருந்து இழுத்தால்தான் வாய்ப்புப் பிறக்கும். ஓரத்தில் ஒருவன் எதிராளியைத் தனியாக வெட்டித் தாண்ட வேண்டும். அல்லது பந்து வருவதற்கு முன்பே ஒருவன் அவர்களுக்குப் பின்னால் ஓட வேண்டும், பந்து தனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று. நம்ம மைதானங்களில் ஓரக் கோட்டைத் தாண்டினால் தேயிலை, சில இடத்தில் கான். அதனாலோ என்னவோ, பிள்ளைகள் எல்லாரும் நடுவிலேயே முட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்பெயின் இதைத் திருத்திக்கொண்டது. 2024இல் ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில், புதிய பயிற்சியாளர் டி லா புவென்தே இரண்டு ஓரங்களிலும் வேகமான இளைஞர்களை நிறுத்தினார். வலது பக்கம் லமீன் யமால், இடது பக்கம் நிக்கோ வில்லியம்ஸ். அவர்களிடம் பந்து போனால் ஒருவரால் சமாளிக்க முடியாது, இரண்டாமவரும் ஓடி வர வேண்டும். அவர் விட்டு வந்த இடம்தான் மற்றவர்களுக்கு வழி. இங்கிலாந்துடனான இறுதிப் போட்டியில், முதல் நாள்தான் 17 வயது நிரம்பிய யமால் வலதிலிருந்து உள்ளே வெட்டிக் கொடுக்க, இடதில் தனியாக நின்ற வில்லியம்ஸ் கோல் போட்டார். 2க்கு 1 என்று ஸ்பெயின் வென்றது. ஏழு போட்டி, ஏழிலும் வெற்றி, 15 கோல். அந்தக் கிண்ணத்தில் ஒரே தொடரில் எந்த அணியும் அவ்வளவு போட்டதில்லை.

அந்த 15இல் முன்கள வீரர் அல்வாரோ மொராட்டா போட்டது ஒன்றே ஒன்றுதான். அணித் தலைவரும் அவரே. கிண்ணத்தைத் தூக்கியதும் அவரே.