மகிழுந்தின் மின்னணுக் கட்டமைப்பு

மழை பெய்துகொண்டிருக்கிறது. விரைந்து செல்லும் மகிழுந்தின் குறுக்கே ஒரு சிறுவன் ஓடுகிறான். ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிட்டால் வண்டி வழுக்கிச் செல்லும். ஆனால், உணரிகள் சக்கரங்களின் வேகத்தை அளந்து அறிவிக்க, ஒரு சிறு கணினி பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் வண்டியை ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. மின்னணு முறையில் இயங்கும் இவ்வமைப்பு, ஜெர்மனியில் 1978ஆம் ஆண்டில் மகிழுந்துகளில் இடம்பெறத் தொடங்கியது.

பின்னர் காற்றுப்பை, விளக்கு, சன்னல் எனப் பல பணிகளுக்கும் தனித்தனிக் கணினிப் பெட்டிகள் வந்தன. பெட்டிகள் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. பல பெட்டிகள் ஒரே கம்பி இணையின் வழியே செய்தி பரிமாறும் 'கேன்' என்னும் முறையைப் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. கம்பிகள் குறைந்தன. எனினும் ஒவ்வொரு பணியும் அதற்குரிய பெட்டியோடு பிணைந்தே இருந்தது. பெட்டியை மாற்றினால் மென்பொருளையும் மாற்றி எழுத நேர்ந்தது.

பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தமிழ்ப் பாடத்திற்கெனத் தனி அறை இல்லாவிடினும், காலியாக உள்ள ஏதேனும் ஓர் அறையில் பாடம் நடைபெறும். பாடம் வேறு; அறை வேறு. இவ்வாறே பணியைப் பெட்டியிலிருந்து பிரிப்பதற்கான பொது விதிகளை வகுக்க, வாகன நிறுவனங்களும் உதிரிபாக நிறுவனங்களும் இணைந்து 2003இல் 'ஆட்டோசார்' என்னும் கூட்டமைப்பைத் தொடங்கின.

ஆயினும் எல்லாப் பாடங்களையும் எல்லா அறைகளிலும் நடத்த இயலாது. வேதியியல் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும். எனவே, பள்ளி திறக்கும் முன்பே கால அட்டவணை வகுக்கப்படுகிறது. அதுபோல, வண்டியை உருவாக்கும் முன்பே அதன் பணிகள், பெட்டிகள், கம்பிகள் ஆகியவற்றின் மாதிரியைப் பொறியாளர்கள் கணினியில் அமைக்கின்றனர். எப்பணியை எப்பெட்டியில் வைப்பது? பிரேக்கிற்கான செய்தி உரிய நேரத்தில் சென்று சேருமா? ஒரு பெட்டி பழுதானால் என்ன நேரும்? இவற்றை முதலில் மாதிரியிலும், பின்னர் உண்மையான வண்டியிலும் சோதிக்கின்றனர்.

பாட்டு ஒலிக்க ஒரு நொடி தாமதமானால் இழப்பு ஏதுமில்லை. பிரேக் ஒரு நொடி தாமதமானால், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 20 மீட்டர் முன்னேறிவிடும். கணினித் திரையில் கண்ட பிழையைத் திருத்திவிடலாம். சாலையில் நேர்ந்துவிட்ட பிழையைத் திருத்த இயலாது.

சிந்தித்து எழுதுக

1. பள்ளியில் பாடமும் அறையும் போன்றவை மகிழுந்தில் எவை?
2. வண்டியை உருவாக்கும் முன்பே மாதிரியை அமைத்துச் சோதிப்பது ஏன்?