ஒரே டெங்கு காய்ச்சல்... கிராமத்தில் அட்மிட், நகரத்தில் வீட்டுக்கு! டாக்டர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

மழைக்காலம் வந்தாலே மருத்துவமனைகளில் அதிகம் கேட்கும் கேள்வி, "டாக்டர், அட்மிட் ஆகணுமா?" என்பதுதான்.

டெங்கு உறுதியான இருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே வயது, ஒரே ரத்தப் பரிசோதனை முடிவு. சென்னையில் இருப்பவரிடம், "மாத்திரை போட்டுட்டு நாளைக்குக் காலையில வாங்க" என்கிறார் டாக்டர். வால்பாறை பக்கம் எஸ்டேட்டில் இருப்பவரிடம், "இன்னைக்கே பெட்ல சேர்ந்துடுங்க" என்கிறார் அங்குள்ள டாக்டர். இதில் யார் சொல்வது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம். அது எப்படி என்று பார்க்கலாம்.

யார் வீட்டிலேயே இருக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், டெங்கு நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. வீட்டில் இருக்கலாம், மருத்துவமனையில் சேர வேண்டும், அவசர சிகிச்சை தேவை என்பவையே அவை.

போதுமான அளவு தண்ணீர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். குடிக்க முடிகிறது, 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போகிறது, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தக் கசிவு, அதிக சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவை ஆபத்து அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிராமம், நகரம் என்ற வித்தியாசமே இல்லை. அட்மிட் ஆக வேண்டியதுதான். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அட்மிஷன் பரிந்துரைக்கப்படுகிறது.

தூரமும் ஒரு காரணம்

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். தனியாக வசிப்பவர்கள், மருத்துவமனையிலிருந்து வெகு தூரத்தில் இருப்பவர்கள், நம்பகமான போக்குவரத்து வசதி இல்லாதவர்கள் ஆகியோரையும் அட்மிட் செய்யலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதாவது, உடல்நிலை மட்டுமல்ல, வீடு எங்கே இருக்கிறது என்பதும் மருத்துவ முடிவின் ஒரு பகுதி.

காரணம், டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். பெரும்பாலும் 3 முதல் 7-வது நாளுக்குள் இது வரும். சிலருக்கு அப்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிக முக்கியமானது. "ஜுரம் விட்டுடுச்சு" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் சரியலாம்.

கிராமத்து டாக்டரின் கணக்கு

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் நோயாளியிடம் முதலில் கேட்பது, "எந்த ஊர்? எப்படி வந்தீங்க?" என்பதாக இருக்கலாம். கடைசி பஸ் போன பிறகு நிலைமை மோசமானால் என்ன செய்வது? இரவில் பல இடங்களில் செவிலியர் மட்டுமே பணியில் இருப்பார். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்காக மீண்டும் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், சிலர் வராமலே இருந்துவிடுவார்கள்.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 60 கி.மீ.க்கும் மேல், 40 கொண்டை ஊசி வளைவுகள். 108 ஆம்புலன்ஸ் வந்தாலும் இந்தப் பாதையைக் கடக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் அங்குள்ள டாக்டர் முன்கூட்டியே அட்மிட் செய்கிறார், அல்லது பகலிலேயே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார். இதை "பயந்து போய் அனுப்பிட்டார்" என்று நினைக்கக் கூடாது.

நகரத்து டாக்டரின் கணக்கு

நகரத்தில் அடுத்த தெருவிலேயே லேப் இருக்கும். நள்ளிரவிலும் ஆட்டோ கிடைக்கும். அதனால் "வீட்டில் இருந்து தினமும் வாங்க" என்று சொல்ல டாக்டருக்குத் தைரியம் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால், அந்த பெட் இன்னும் மோசமான நிலையில் உள்ளவருக்குத் தேவைப்படலாம் என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் நெருக்கடி வேறு. "இன்சூரன்ஸ் இருக்கு, அட்மிட் பண்ணிடுங்க" என்று குடும்பத்தினரே கேட்பது உண்டு. ஆனால் வெறும் கண்காணிப்புக்காக மட்டும் சேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் க்ளைமை நிராகரிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

நகரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அறை எடுத்துத் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞருக்கு, பக்கத்திலேயே மருத்துவமனை இருந்தும் இரவில் கவனிக்க ஆள் இருக்காது. அவரையும் டாக்டர் அட்மிட் செய்யலாம்.

பிளேட்லெட் குறைந்தாலே அட்மிட்டா?

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவெடுப்பதில்லை. பிசிவி எனப்படும் ரத்த அடர்த்தி கூடிக்கொண்டே போய், பிளேட்லெட் வேகமாகக் குறைந்தால் நீர்ச்சத்து கசிகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தத்தின் மேல், கீழ் அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அவசர நிலை.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

* காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்
* வீடு எவ்வளவு தூரம், இரவில் வண்டி கிடைக்குமா
* கூட இருந்து கவனிக்க ஆள் உண்டா
* கடைசியாக எப்போது சிறுநீர் போனது
* சர்க்கரை, இதய நோய் போன்றவற்றுக்கு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்

இவற்றை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பினால், "என்ன ஆனா உடனே திரும்பி வரணும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கை, கால் சில்லிட்டாலோ, 4 முதல் 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மறுநாள் காலைக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.