மேடையில் எத்தனை பெண்கள் பாடலாம்? எண்ணிக்கை வகுத்த காவல் துறையும் ஏற்காத நீதிமன்றமும்

புது தில்லி: மும்பையிலும் அதன் புறநகர்களிலும் ‘ஆர்கெஸ்ட்ரா பார்' எனப்படும் மதுக்கூடங்கள் பல உள்ளன. மாலை மயங்கியதும் கீபோர்டு, தாளக் கருவிகளின் துணையுடன் அங்கே ஹிந்தித் திரைப்பாடல்கள் ஒலிக்கத் தொடங்கும். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்ட பாடலைப் பாடியவருக்கு அன்பளிப்பு கிடைக்கும். பல இல்லங்களில் அடுப்பெரிவது அந்த வருவாயில்தான்.

அந்தச் சிறிய மேடையில் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்களில் நால்வர் ஆண்களாகவும் நால்வர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று உரிமத்துக்கு நிபந்தனை விதித்திருந்தது காவல் துறை. மும்பை உயர் நீதிமன்றம் இதில் தலையிட மறுத்ததால், மதுக்கூட உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர்.

2022 பிப்ரவரி 18-ஆம் தேதி நீதிபதிகள் கே.எம். ஜோசப், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் தீர்ப்பளித்தனர். எட்டுப் பேர் என்ற உச்சவரம்பு செல்லும். ஆனால் அவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் ஆண்கள் என்று அரசு வரையறுப்பது அரசியல் சாசனத்தின் 15(1), 19(1)(ஜி) பிரிவுகளுக்கு முரணானது என்றனர். எண்மரும் பெண்களாகவே இருப்பதற்கும் தடையில்லை. பெண்களின் பாதுகாப்பு குறித்து அரசுக்கு உண்மையான கவலை இருப்பின், அவர்கள் அச்சமின்றிப் பணியாற்றும் சூழலை உருவாக்குவதே அதன் கடமை. வேலையை மறுப்பது தீர்வாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தடைகளின் வரலாறு

இந்தச் சர்ச்சையின் வேர் 2005-இல் இருக்கிறது. அவ்வாண்டு மகாராஷ்டிர அரசு காவல் சட்டத்தைத் திருத்தி, மதுக்கூடங்களில் நடனத்துக்குத் தடை விதித்தது. மூன்று நட்சத்திர அந்தஸ்தும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஏழை ஆடினால் ஒழுக்கக்கேடு, செல்வந்தர் விடுதியில் ஆடினால் கலை என்ற இந்தப் பாகுபாட்டை மும்பை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது. 2013-இல் அத்தீர்ப்பை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், தடையால் வேலை இழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதைச் சுட்டிக்காட்டியது.

அரசு ஓயவில்லை. 2014-இல் விலக்குகளை நீக்கிவிட்டு மீண்டும் தடை கொண்டுவந்தது. 2016-இல் தனிச் சட்டமே இயற்றியது. முதலாவது காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் ஆட்சியிலும், இரண்டாவது பாரதிய ஜனதா - சிவசேனை ஆட்சியிலும் நிறைவேறின. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட கட்சிகள் இதில் மட்டும் ஒரே குரலில் பேசின. 2016 சட்டத்தின் பல நிபந்தனைகளையும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

தில்லிக்கும் இதில் பங்கு உண்டு. மது அருந்தும் இடங்களில் பெண்களைப் பணியமர்த்தத் தடை விதித்த, தலைநகரில் அமலில் இருந்த 1914-ஆம் ஆண்டு பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவு செல்லாது என 2007-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. பாதுகாப்பின் பெயரால் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்று அன்று சொன்னதையே 2022 தீர்ப்பும் வழிமொழிந்துள்ளது.

எஞ்சியிருக்கும் கேள்வி

காவல், மது, கேளிக்கை மூன்றும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே நாடாளுமன்றம் இதில் தலையிட இடம் குறைவு. சட்டமன்றங்களோ வாக்கைக் கருதி ஒழுக்கக் காவலராக வேடமணிகின்றன. இடையில் நிற்கும் பாடகிக்கு நீதிமன்றம் ஒன்றே புகலிடம். ஆனால் ஒவ்வொரு வழக்கும் முடிய ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அவரது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் காத்திருப்பதில்லை.

உரிமம் வழங்கும் அதிகாரம் இன்றும் காவல் துறையிடமே உள்ளது. இரவு வீடு திரும்பப் பாதுகாப்பான போக்குவரத்து, உரிய ஊதியம், தொந்தரவு செய்யும் வாடிக்கையாளர் மீது நடவடிக்கை ஆகியவையே அப்பெண்களின் தேவை. மேடையில் தலைகளை எண்ணுவதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை இவற்றில் காட்டினாலே போதும். பெண்களின் கண்ணியம் காக்கப்படும்.