சறுக்கி ஓடும் சிறு கார்கள்: போட்டிப் பிரிவுகளை வகுக்கும் முறை



வானொலி அலைகள் நம் இல்லங்களுக்குச் சங்கீதத்தையும் செய்திகளையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அவ்வலைகளைக் கொண்டே, ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள மின்சாரக் கார் ஒன்றைத் தூரத்தில் நின்று செலுத்தவும் கூடும். அக்காரை வளைவுகளில் வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் விளையாட்டுக்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். ஜப்பானிய மலைச்சாலைகளில் பெரிய கார்களைக் கொண்டு வளர்ந்த இவ்வித்தை, 2001-இல் டி1 கிராண்ட் பிரீ என்னும் தொடர் போட்டியாக உருப்பெற்றது. பின்னர், உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கே அளவுள்ள சிறு கார்களிலும் அது பரவலாயிற்று.

என் தமக்கை மகன் தில்லியில் இதில் மோகங்கொண்டவன். பிறரிடம் வாங்கிய பழைய நான்கு சக்கர இயக்கக் கார் ஒன்றுடன் அவன் ஒரு போட்டிக்குச் சென்றான். நானும் உடன் சென்றேன். வந்தோர் அனைவரையும் ஒரே பிரிவில் சேர்த்திருந்தார்கள். முதற் சுற்றிலேயே, பல்லாண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு எதிரே நிறுத்தப்பட்ட அவனுடைய ஆட்டம் இரண்டு நிமிஷங்களில் முடிந்தது. "மாமா, போகலாமா?" என்று கேட்டான். அப்பொழுதுதான் பிரிவு வகுத்தல் எத்துணை முக்கியமான காரியம் என்பது எனக்கு விளங்கிற்று.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்பதை நான் முதலில் 'வகுப்பு' என்றே எழுதினேன். அதைக் கேட்ட என் தாயார், "பையன் எத்தனையாவது வகுப்பில் ஓட்டுகிறான்?" என்றார்கள். அன்று முதல் 'பிரிவு' என்றே எழுதிவருகிறேன்.

நிற்க. இப்போட்டியில் முந்துவோர்க்கு வெற்றி என்பதில்லை. முதலில் ஒவ்வொருவரும் தனியே ஓட்டுவர். குறித்த பாதையை ஒட்டிச் சென்றாரா, கார் எவ்வளவு கோணத்தில் சாய்ந்து சறுக்கிற்று, ஓட்டத்தில் நயம் இருந்ததா என்பவற்றை நடுவர்கள் மதிப்பிடுவர். அதன்பின் இருவர் இருவராக ஓட்டம். முன்னவர் பாதை வகுத்துச் செல்ல, பின்னவர் இடிக்காமல் நெருங்கி நிழல்போல் தொடர வேண்டும். பிறகு இடம் மாறி மறுமுறை ஓட்ட வேண்டும். ஆகவே இரு கார்களும் ஏறக்குறைய ஒரே இயல்புடையனவாய் இருந்தாலன்றிப் போட்டிக்குப் பொருளே இல்லை.

கார்களின் இயல்போ மூவகைப்படும். முதலாவது, நான்கு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வது. முன்சக்கரங்களே காரை இழுத்துச் செல்வதால் இது கற்போர்க்கு எளிது. இரண்டாவது, பற்சக்கரங்களை மாற்றி, முன்சக்கரங்களைவிடப் பின்சக்கரங்கள் மிகுந்த வேகத்தில் சுழலும்படி அமைத்தது. இதில் முன்சக்கரங்கள் வளைவுக்கு எதிர்ப்புறம் திரும்பி நிற்கும் அழகைக் காணலாம். மூன்றாவது, பின்சக்கரங்கள் மட்டுமே உந்துவது. உண்மைக் காரை மிகவும் ஒத்தது இதுவே. எளிதில் சுழன்றுவிடும் தன்மையுடையதாதலால், சுழற்சியை உணர்ந்து முன்சக்கரங்களைத் தானே திருத்தும் 'ஜைரோ' என்னும் சிறு கருவியை இதில் பொருத்துகிறார்கள். இம்மூன்றும் வெவ்வேறு வேகத்திலும் கோணத்திலும் செல்வன. ஒன்றை மற்றொன்று தொடர்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

மோட்டாரின் வலிமையை வரையறுக்க வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். என் கருத்தில் அதனினும் முதன்மையானது டயர். இக்கார்களுக்குக் கடினமான பிளாஸ்டிக் டயர்களே பூட்டப்படுகின்றன. தரையைப் பற்றாமல் வழுக்குவதே அவற்றின் வேலை. எத்தனை வலிய மோட்டாரானாலும் டயர் பற்றும் அளவுக்குமேல் வேகம் கிடைப்பதில்லை. சற்றே மென்மையான டயர் பூட்டியவர் முன்னே விரைந்துவிட, பின்னவர் என்ன திறமை காட்டியும் நெருங்க இயலாது போகும். எனவே தரைவிரிப்போ, மெருகிட்ட சிமெண்டுத் தரையோ, களத்துக்கு ஏற்ற ஒரே டயரை அனைவர்க்கும் விதித்து, ஓட்டத்துக்கு முன் சோதிப்பதே நேர்மையாகும். அதனைக் களத்திலேயே விலைக்குக் கொடுத்தால் இன்னும் நலம்.

இனி எண்ணிக்கை. இருபது பேர் வருகிறார்கள் எனக் கொள்வோம். காரின் இயல்பால் மூன்று பிரிவு, ஓட்டுபவரின் அனுபவத்தால் இரண்டு என்று பிரித்தால் ஆறு பிரிவுகளாகும். ஒவ்வொன்றிலும் மூவர் அல்லது நால்வரே மிஞ்சுவர். மூவரில் மூன்றாமிடம் பெற்றவனுக்குக் கோப்பை கொடுத்தால் அவனே வெட்கப்படுவான். நேரத்தையும் கணக்கிட வேண்டும். பதினாறு பேர் உள்ள ஒரு பிரிவில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்துப் பதினாறு இணையாட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டங்களாக முப்பத்திரண்டு. நிறுத்தி ஓட்டி முடிக்க ஓட்டத்துக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் ஒரு மணி நேரம் கடந்துவிடும். நடுவர்கள் சமம் என்று தீர்த்து மறுபடி ஓட்டச் சொல்வதும், தனி ஓட்டங்களும் இதில் சேரவில்லை.

ஆதலின் சிறு சங்கங்கள் பின்சக்கர இயக்கம் ஒன்றையே முதன்மையாக வைத்து, புதியோர், தேர்ந்தோர் என இரு பிரிவு அமைத்தல் போதும். புதியோர் பிரிவில் வென்றவர் அடுத்த முறை மேற்பிரிவுக்குச் சென்றே ஆக வேண்டும் என்று விதிக்கவேண்டும். இல்லையேல் பரிசுக்காகக் கீழேயே தங்கிவிடுவோர் உண்டு! நான்கு சக்கர இயக்கக் கார்களுடன் எட்டுப் பேரேனும் வந்தால் அவர்களுக்குத் தனிப் பிரிவு; குறைந்தால், அவர்கள் தமக்குள் ஓட்டி மகிழ அரைமணி நேரம் ஒதுக்கலாம். அவர்களைத் திருப்பியனுப்புவது மட்டும் கூடாது.

இவ்விதிகள் யாவும் பதிவு தொடங்குவதற்கு முன்பே அறிவிக்கப்படவேண்டும். அடுத்த போட்டிக்கு அவ்வாறே அறிவிப்பு வந்திருக்கிறது. பழைய காரை விற்றுவிட்டுப் பின்சக்கரக் கார் வாங்குவதா, எட்டுப் பேர் சேருகிறார்களா என்று பார்ப்பதா என்பதே இப்பொழுது என் மருமகனுடைய யோசனை. ஐந்து பேரை அவன் திரட்டிவிட்டான்.