மடிக்கணினி தூங்க இடம் ஒதுக்கினீர்களா?

விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லையா? காசு செலவில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் நல்ல வழி. ஆனால், அதை நிறுவும்போதே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதுதான் ‘ஸ்வாப்’ இடம்.

பிரிக்பீல்ட்ஸில் வேலை, கிள்ளானில் வீடு என்று கொமுட்டர் ரயிலில் போய்வரும் பலர், மாலையில் மடிக்கணினியை அப்படியே மூடிப் பையில் வைத்துவிடுவார்கள். அப்போது அது தூங்குகிறதே தவிர, அணைவதில்லை. திறந்து வைத்த வேலையெல்லாம் ரேமில்தான் இருக்கும். ரேமுக்கோ மின்சாரம் வேண்டும். பழைய பேட்டரி இரவுக்குள் தீர்ந்துவிட்டால், சேமிக்காத கணக்கும் கட்டுரையும் போனதுதான்.

‘ஹைபர்னேட்’ முறை வேறு. ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுதாக அணைந்துவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்படி எழுதிவைக்கும் இடம்தான் ஸ்வாப்.

எவ்வளவு வேண்டும்?

உபுண்டு நிறுவி தானாக ஒதுக்கும் சில ஜிகாபைட் இதற்குப் போதாது. ரேமின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக ஒதுக்குவதே பாதுகாப்பு. 4 ஜிகாபைட் ரேமுக்கு 6, 8க்கு 11, 16க்கு 20 ஜிகாபைட் என்பது உபுண்டு பயனர்களிடையே வழங்கிவரும் கணக்கு. 256 ஜிகாபைட் வட்டில் 11 என்பது நூற்றில் நான்கைந்து பங்குதான். லோ யாட் பிளாசாவுக்குப் போய் ரேமைக் கூட்டும் எண்ணம் இருந்தால், கூட்டிய பிறகு வரும் அளவுக்கே இடம் விடுங்கள். வட்டு நிறைந்த பிறகு பிரிவுகளை மாற்றுவது பெரிய தலைவலி.

கவனிக்க வேண்டியவை

ஸ்வாப்பைத் தனிப் பிரிவாக வைப்பது எளிது. கோப்பாக வைத்தால், அது வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதையும் லினக்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ‘செக்யூர் பூட்’ இயங்கினால் பல லினக்ஸ் பதிப்புகள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. ரேமில் உள்ள கடவுச்சொற்களும் வட்டில் பதியும் என்பதால், ஸ்வாப்பையும் சேர்த்து வட்டைக் குறியாக்கம் செய்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும், முக்கியமில்லாத இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்துவைத்து ஹைபர்னேட் செய்து பாருங்கள். மறுபடி தொடங்கும்போது அவை அப்படியே திரும்பி வந்தால், அதன்பிறகு அலுவலக வேலையை நம்பி ஒப்படைக்கலாம்.