தஞ்சோங் லும்பூர் மண்ணில் ஒரு புதிய பாக்டீரியா

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தஞ்சோங் லும்பூர் அலையாத்திக் காட்டு மண்ணில் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2014இல் ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் ப்ளூரிபோட்டன்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். மெத்திசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியை இது தடுக்கிறது. மண்ணிலுள்ள டிஎன்ஏவை மொத்தமாக வாசிக்கும் கருவிகள் வந்துவிட்ட பிறகு, ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்ப்பது வீண்வேலை என்பாரும் உண்டு. பட்டியல் போட டிஎன்ஏ போதும்தான். ஆய்வகத்தில் வளராத பாக்டீரியாக்களே மிகுதி என்பதால் அது தேவையும்கூட. ஆனால் ஓர் உயிரி எந்தக் கிருமியை எதிர்க்கும் என்று உறுதிசெய்ய, அதை உயிரோடு வளர்த்தே ஆக வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நிதானமாக வளரும். அகார் தட்டில் முதலில் தோலைப் போல இறுகிப் பிடிக்கும். பிறகு மேலே மாவு பூக்கும். பெரும்பாலும் மழை நனைத்த மண்வாசம் வீசும். அதற்குள் வேகமாகப் பரவும் பாக்டீரியாக்கள் தட்டை நிரப்பிவிடக்கூடும். அவசரப்படுபவர் கண்ணில் இது படாது.

‘புதிய இனம்’ என்று ஏற்கவும் கடும் விதி உண்டு. நெருங்கிய இனங்களோடு மரபணுவை ஒப்பிட வேண்டும். உயிருள்ள மாதிரியை இரு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சேமிப்பகம் இருக்கிறதே, காடு எதற்கு என்று கேட்டால் பதில் இதுதான்: அங்கே பத்திரமாக இருப்பவை வளர்த்தெடுத்த சில மட்டுமே. மற்றவற்றுக்குக் காட்டு மண்ணைத் தவிர வேறு இடம் கிடையாது.