வயலே பள்ளிக்கூடம்

குமுளி மலைப் பாதையில் இறங்கி வருகிறவர்களுக்குக் கீழே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தெரிவதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ம் ஆண்டில் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்துகொண்டு வந்து இங்கே பாய்கிறது. லோயர் காம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இரு போகம் நெல் விளையும் பூமி.

இந்த வயல்களில் நாற்பது வருஷம் ஏர் பிடித்த ஒரு குடியானவருக்கு, நேற்றுப் பட்டம் பெற்று வந்த இளைஞர் விவசாயம் கற்பிப்பது எப்படி?

சாதாரணமாக நடப்பதை நாம் அறிவோம். ஒரு மண்டபம், ஒலிபெருக்கி, இரண்டு மணி நேரப் பிரசங்கம். பிரசங்கியார் கடமை தீர்ந்ததென்று காரில் ஏறுகிறார். கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார். மறுநாள் முதல் பூச்சி மருந்துக் கடைக்காரர் சொல்வதே வேத வாக்கு!

குற்றம் குடியானவருடையதன்று. குழந்தை நம்பிக் கற்கும். வளர்ந்தவரோ கண்டால்தான் நம்புவார். அவர் தப்பாகக் கற்றால் போவது பரீட்சை மார்க்கு அல்ல, ஒரு போகத்து விளைச்சல்.

இதற்கு வழி கண்டது இந்தோனேஷியா. அங்கே மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகிற்று. காரணம் வேடிக்கையானது. புகையானைத் தின்னும் சிலந்திகள் மருந்தில் மடிந்தன. பயிரின் இலையுறைக்குள் இட்ட புகையான் முட்டைகளோ பிழைத்துக்கொண்டன. 1986-ல் அந்நாட்டு அரசாங்கம் 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கலாகாதென்று விலக்கியது. 1989-ல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தோன்றின. பின்னர் அம்முறை இந்தியாவுக்கும் வந்தது.

சுமார் 25 பேர் வாரம் ஒருமுறை வயலிலேயே கூடுகிறார்கள். முதல் நாள் பரீட்சை உண்டு. ஆனால் பேனா வேண்டாம். வரப்போரத்தில் ஒரு பூச்சியைக் காட்டி, நண்பனா, பகைவனா என்று கேட்டுப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். எழுத்தறியாதவரும் சீட்டைப் போட்டுவிடலாம். பிறகு குழு குழுவாய் வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சிகளையும் எண்ணி, பெரிய தாளில் படம் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாமே வாதித்து முடிவு செய்கிறார்கள்.

“இது என்ன பூச்சி, தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டால், ஆசிரியர் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. “எங்கே பார்த்தீர்கள், ஐயா? அது என்ன செய்துகொண்டிருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். வலை கட்டிய தொட்டியில் நெற்பயிரை வைத்து, புகையானையும் ஓநாய்ச் சிலந்தியையும் உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்வார். சிலந்தி விருந்துண்பதைக் கண்ணால் கண்டவர் அதன்மேல் மருந்து தெளிக்க யோசிப்பாரல்லவா?

இன்னொரு சோதனை: தூர் கட்டும் பருவத்தில் சில பயிர்களின் இலைகளைக் கத்தரித்து விடுகிறார்கள். அறுவடையில் பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசம் சொற்பமே. இளம் பயிரில் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டு பதறியது வீண் என்பது அப்போது விளங்குகிறது.

தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையாரும் பண்ணைப் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறார்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கிற்று. தேனி மாவட்டத்திற்குக் காமாட்சிபுரத்தில் ஒன்று இருக்கிறது. செய்து கற்பதே இந்நிலையங்களின் கொள்கை. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் மூலம் கல்வி என்று வற்புறுத்தியதும் இதற்கு அந்நியமானதன்று.

இதில் பட்டணத்து நேயர்களுக்கும் பாடம் உண்டு. வீட்டுப் பாட்டிக்குக் கைபேசி சொல்லிக் கொடுக்கையில் நாம் என்ன செய்கிறோம்? “இப்படிக் கொடு” என்று பிடுங்கி, நாமே நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். பாட்டி மறுநாளும் நம்மைத்தான் கூப்பிடுகிறாள். கருவி அவள் கையிலேயே இருக்கட்டும். நாம் கேள்வி மட்டும் கேட்போம்.